கயட்டி மாட்னா ஓடும்

ஸ்டெல்லாக்கா காரு மொத தபா என் ஷெட்டுக்கு ஓடி வர்ல, தள்ளிகினு தான் வந்தாங்கோ. எண்ணூர் ரோட்ல முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, நடுவுல இன்ஜின் பொட்டுனு ஆப். பின் சீட்ல அக்கா வூட்டுக்காரரு அந்தோணி அண்ணன். ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. கிட்னி போயி, வாரத்துக்கு மூணு தபா டயாலிசிஸ். எர்ணாவூர் வூட்லேந்து ராயபுரத்து ஆஸ்பத்திரிக்கு அக்கா தான் ஓட்டிகினு போவும். அந்த ரோட்டு பள்ளத்துல ஆட்டோல குலுங்கினா அண்ணனுக்கு தாங்காது.

நான் திருவொத்தியூர்ல கார் எலக்ட்ரீசியன். ஸ்கூலுக்கு மழைக்கு ஒதுங்கினேன், மழ வுட்டதும் வந்துட்டேன். புக்கு பாத்துலாம் வேல தெரியாது. என் வைத்தியம் ஒண்ணு தான். பானெட்ட தொறப்பேன். ஒயருங்க வந்து சேர்ற கனெக்டர் ஒவ்வொண்ணா கயட்டுவேன், உள்ள பின்னு நல்லா கீதானு பாப்பேன், ஊதுவேன், திரும்ப மாட்டுவேன். அன்னிக்கும் அதான். சாவி போட்டதும் இன்ஜின் சமத்தா எந்திரிச்சிச்சு. கைராசிக்காரன்னு பேரு வாங்கினேன். குட்த்தது நானே தான், வேற யாரும் இல்ல.

கொஞ்ச நாள் ஓடிச்சு. அப்பால அதே ரோடு, அதே பொட்டு. திரும்ப எல்லாத்தையும் கயட்டி மாட்னேன், திரும்ப ஓடிச்சு. பெட்ரோல்ல தண்ணி கீது, பேட்டரிக்கு வயசாய்ச்சினு வாய்க்கு வந்தத அள்ளி வுட்டேன்.

மூணாவது தபா அக்கா இன்ஜின ஆப் பண்ணாமலே ஷெட் வாசல்ல நிறுத்திச்சு. ஆஸ்பத்திரிக்கு போற வழில நின்னுபூட்சாம், கொஞ்சம் ஆறினதும் தானா ஸ்டார்ட் ஆச்சாம். எறங்கி வந்து மெதுவா கேட்டுச்சு.

"நைனா, நீ தொட்டா ஓடுது, வுட்டா நிக்குது. உன் கைய வெட்டி பானெட்டு உள்ள வெச்சிகினு போவட்டா?"

"கைய மட்டும் எட்துக்கோ ஸ்டெல்லா," உள்ளேந்து அண்ணன். "வாய இங்கயே வுட்டுடு. அந்த சத்தத்துல ஹாரன் கேக்காது."

சிரிச்சிட்டேன். ஆனா அக்கா சொன்னது மண்டைல சொருகிச்சு. நான் தொட சொல்லோ இன்னா நடக்குது? கயட்டி மாட்டும்போது பின்னோட பின்னு உராயுது. கடல் காத்துல புட்ச்ச பச்ச களிம்பு கொஞ்சம் கீறிகினு போவுது, கரண்டு பாயுது. நாலு நாள்ல திரும்ப களிம்பு. அப்போ நான் ரிப்பேரே பண்ணல, வண்டிக்கு பல்லு வெளக்கி வுட்டுகினு இருந்துகீறேன். எல்லாத்தையும் வெளக்கினதால சொத்த பல்லு எதுன்னும் தெரியாம பூட்ச்சு.

இந்த தபா எதயும் கயட்ட மாட்டேன், இன்ஜின் ஓட சொல்லோ ஒவ்வொரு கனெக்டரா புட்ச்சி ஆட்டி பாக்கறேன், எதுல நிக்குதோ அதான் திருடன்னு சொன்னேன்.

அக்கா மூஞ்சி மாறிச்சு. லேட்டா போனா அன்னிக்கு டயாலிசிஸ் மிசின் அடுத்த ஆளுக்கு போய்டும். ஓடிகினு கீற வண்டிய நிறுத்தி பாக்கறேன்னு சொல்றான் ஒரு மடையன்.

"நின்னுட்டு எந்திரிக்கலனா?"

"இங்க நின்னா நான் கீறேன். லாரிக்கு நடுவுல நின்னா யாரு கீறாக்கா?"

அக்கா அண்ணன பாத்துச்சு. அவரு கண்ண மூடிகினு, "ஆட்டுடா" ன்னாரு.

ஆல்டர்னேட்டர் கிட்ட ஆட்னேன், ஓடிச்சு. இன்ஜெக்டர் எல்லாம் ஆட்னேன், ஓடிச்சு. கையி நொழையாத எடத்துல கிராங்க் சென்சார் கனெக்டர். இன்ஜின் சுத்துதுனு கம்ப்யூட்டருக்கு சேதி சொல்றது அதான். லேசா நெருடினேன். பொட்டு.

துள்ளி குதிச்சேன். "வண்டி செத்ததுக்கு டான்ஸ் ஆட்ற மெக்கானிக்க இப்ப தான் பாக்கறேன்" னு அண்ணன் கண்ண தொறந்தாரு.

தண்ணி போகாம தடுக்கற ரப்பரு கிழிஞ்சு, உள்ள ஒரு பின்னு பாசி புட்ச்ச மாறி பச்சையா இருந்திச்சு. அந்த கனெக்டர வெட்டி கடாசிட்டு புச்சு வெச்சேன், சென்சார் பக்கத்து பின்ன சொரண்டி தொடச்சேன். ஸ்டார்ட் பண்ணி, பேய் ஓட்ற மாறி ஆட்னேன். நிக்கல. "கெளம்புக்கா" ன்னேன்.

சாயங்காலம் திரும்பி வர சொல்லோ அக்கா ஷெட் எதிர்ல ஓரங்கட்டிச்சு. மிசின் கெட்ச்சிருக்கு, அண்ணன் அந்த அசதில வாய தொறந்து தூங்கறாரு. அக்கா எறங்கல. என்னயே பாத்துகினு சாவிய திருப்பி ஆப் பண்ணிச்சு. ஸ்டார்ட் பண்ணிச்சு. இன்னொரு தபா ஆப், இன்னொரு தபா ஸ்டார்ட். அப்பால கியர போட்டு போய்ட்டே இருந்திச்சு.

புச்சா வேலைக்கு வர்ற பசங்களா, கை வெச்சதும் ஓடிச்சுனா காலர தூக்காதீங்க. ஏன் ஓடிச்சுனு தெரியலனா அது இன்னும் ரிப்பேர்ல தான் கீது. கயட்றதுக்கு முன்னாடி ஆட்டி பாருங்க. வண்டி சாவறதா இருந்தா உங்க ஷெட்லயே சாவட்டும்.