மியூசியத்துக்காக விட்ட ஏலம்

என் வீட்டுக்காரருக்குப் பழைய சாமான் பைத்தியம். ராஜபாளையத்தில் எங்கள் சபைக் கோயிலை ஒட்டி ஓர் ஓட்டறை சும்மா கிடந்தது. அதில் மூன்று மேசைகளைப் போட்டு, சுற்று வட்டாரத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழி ஓடுகள், துருப்பிடித்த ஈட்டிமுனை, செல்லாத காசுகள் என்று பரப்பிவைத்து, மியூசியம் என்று பெயரும் வைத்தார். வீட்டில் உப்பு தீர்ந்தது நினைவிருக்காது. அங்கே ஒரு சில்லு உடைந்தால் சோறு இறங்காது. நான் மிஷன் பள்ளியில் டீச்சர். வாய் நிறையத் திட்டுவேன், சாயங்காலம் போய்த் தூசியும் தட்டுவேன்.

அந்த மேசையில் கறுப்பும் சிவப்புமாக ஒரு மண் குவளை இருந்தது. தேவதானத்துக் கூலிக்காரி ஒருத்தி கொண்டுவந்தது. அவளுடைய ஒரே மகன் கிணறு வெட்டப் போன இடத்தில், தாழிக்குள் கிடந்ததை எடுத்துக் கழுவி, அதிலேயே தண்ணீர் குடித்துச் சிரித்தானாம். கொஞ்ச நாளில் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினான். யுத்தம் ரங்கூனை எட்டியதும் கடுதாசி நின்றுபோனது. செத்தவர்கள் பாத்திரத்தில் வாய் வைத்தவன் எப்படித் திரும்புவான் என்று ஊர் பேசியது.

“வீட்டுல வைக்கப் பயமா இருக்கு டீச்சரம்மா. தூரப் போடவும் மனசு வரல. அவன் கை பட்டதுல்லா? அவன் வார வரைக்கும் நீங்க வச்சிருங்க” என்றாள்.

சந்தைக்கு வரும்போதெல்லாம் வந்து பார்ப்பாள். தொடமாட்டாள். குவளை பத்திரமாக இருக்கும்வரை மகனும் பத்திரமாக இருக்கிறான் என்று நம்பியிருந்தாள்.

அறைக் கூரை ஒழுகியது. ஓடு மாற்றி, பக்கத்தில் இன்னோர் அறையும் கட்ட வேண்டும் என்று இவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். யுத்த காலத்தில் ஓட்டாஞ்சில்லுக்கு யார் பணம் தருவார்கள்? கடைசியில் எங்கள் அறுப்பின் பண்டிகை ஏலம் போல மியூசியத்துக்கும் ஒன்று விடலாம் என்றார்.

அறுப்பின் பண்டிகையில் பூசணி, கோழி, நெய்க் கலயம் என்று அவரவர் விளைவைக் கொண்டுவந்து வைப்போம். எல்லாம் ஏலத்துக்கு வரும். கொண்டுவந்தவரே தம் சாமானைத் திரும்ப எடுக்க வந்தால் லேசில் விடமாட்டார்கள். விலையை ஏற்றி ஏற்றி அவரைத் திணறடிப்பார்கள். அதில்தான் விளையாட்டே இருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஏலத்தன்று நல்ல கூட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஜவுளிக் கடைக்காரர்கள்கூட பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் அறை நனைந்திருந்ததால் மியூசியச் சாமான்களை வராந்தாவுக்கு மாற்றியிருந்தோம். அங்கேதான் நெய்க் கலயங்களும் ஊறுகாய்ச் சட்டிகளும் இருந்தன. எடுத்துக் கொடுத்தவர்கள் குவளையையும் அவற்றோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். இவர் வாசலில் தலைமை தாங்கிய டாக்டரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் பானகம் கரைத்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஓடி வந்தேன். ஏலம் கூறிய மரக்கடைக்காரர் கையில் குவளை. கூட்டத்தின் நடுவே, சந்தைக்கு வந்திருந்த தேவதானத்துக்காரி.

“அது எம் மவனுதுய்யா!”

“கொண்டாந்த ஆளே கேக்காவல்லா? ஏத்துங்கலே!” என்றது கூட்டம்.

“அது மியூசியத்துச் சாமான்!” என்று கத்தினேன்.

“மியூசியத்துக்குத்தான டீச்சர் விக்கோம்!” என்றார் ஒருவர். அதற்கும் சிரிப்பு.

அவள் முந்தியில் முடிந்திருந்த காசு முழுவதையும் விலையாகச் சொன்னாள். ஜவுளிக் கடைக்காரர் மேலே ஏற்றினார். மனிதர் கெட்டவர் இல்லை, எங்கள் வழக்கத்தைக் கற்றுக்கொண்ட குஷியில் இருந்தார். அவள் காதிலிருந்து பாம்படத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஆனாலும் மரக்கடைக்காரர் பழகிய வாய்வேகத்தில் சொல்லி முடித்துவிட்டார்: “ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.”

இவர் ஓடி வந்து பாம்படத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். “தப்பு நடந்துபோச்சு தாயி. காசு வேண்டாம். குவளை இங்கேயே இருக்கட்டும்.”

அவள் வாங்கவில்லை. அவள் ஊரில் ஏலம் என்றால் ஒன்றுதான். கடன்பட்டவன் செத்துப்போனால் சட்டி பானையைத் தெருவில் போட்டு ஏலம் விடுவது.

“இருக்கவன் சாமான யாருய்யா ஏலம் விடுவா? அவன் இல்லன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லத்தான் மனசு வரல” என்றாள்.

அழவில்லை. குவளையை மடியில் கட்டிக்கொண்டு போனாள். சேத்தூர்க் கண்மாயில் அதில் தண்ணீர் மொண்டு, மகனுக்குக் கொள்ளிக்குடமாகத் தோளில் வைத்து உடைத்து, தலைமுழுகிவிட்டு ஊர் சேர்ந்தாளென்று புளி விற்பவள் வந்து சொன்னாள். இவர் இரண்டு முறை பாம்படத்தைக் கொடுத்தனுப்பினார், இரண்டு முறையும் திரும்பி வந்தது.

புதிய அறை எழும்பியது. வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். எனக்கு அதற்குள் தனியாகப் போகக் கால் வராது. தூசி தட்டும்போது பின்னால் யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பது கேட்கும். திரும்பிப் பார்க்காமல், ஜெபம் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டு வருவேன். இவரும் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், தகரப்பெட்டியோடு ஒல்லியாக ஒருவன் மியூசிய வாசலில் நின்றான். ஊர் தேவதானம் என்றான். இன்னார் மகன் என்றான்.

“அம்மா என்னப் பாத்ததும் அலறிக் கதவச் சாத்திட்டா. நீங்க வந்து சொன்னாக் கேப்பான்னு ஊர்ல சொல்லுதாவ டீச்சர்.”

அவனோடு பஸ் ஏறினேன். அவள் வீட்டுக் கதவைத் தட்டி, “உன் மகன் உயிரோடதான் இருக்கான் தாயி, திற” என்றேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“அவன் காலு தரையில படுதா, பாத்துச் சொல்லுங்க.”

“படுது தாயி, நல்லாப் படுது.” அவன் ஓங்கி மிதித்துக் காட்டினான்.

“அன்னைக்கு இல்லன்னிய. இன்னைக்கு இருக்காங்கிய. எத நம்ப?”

கதவு ஒரு சாண் திறந்தது. சோறு வைத்த இலை ஒன்று வெளியே நகர்ந்து வந்தது. கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது.

“அமாவாசைக்கு அமாவாசை அவனுக்கு இப்பிடித்தான் வைக்கா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தெருப் புழுதியிலேயே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான்.