வாசலில் தொங்கும் கண்ணாடி

யாங்கோனில் வியர்த்துக் கொட்டுகிறது. நாளை நான் போகும் கலாவ் மலையிலோ குளிர் எலும்பைத் துளைக்குமாம். என்னிடம் இருப்பது ரப்பர் செருப்பு மட்டும். பூட்ஸ் வாங்கலாம் என்று ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் கடைப்படியில் ஏறுகிறேன்.

"அண்ணே, பனாவ வெளிய கழட்டிட்டு வாங்க" என்கிறார் கடையைப் பார்த்துக்கொள்ளும் நூர்ஜஹான். பனா என்றால் பர்மியத்தில் செருப்பு. காலணிக் கடைக்குள்ளேயே வெறுங்கால்தானா! தரை அப்படிப் பளபளக்கிறது.

நாளை கலாவ் போவதைச் சொல்லிவிட்டு, கணுக்காலுக்கு மேலே ஏறும் கறுப்பு பூட்ஸை எடுக்கிறேன். நீளமான கயிறு வைத்தது.

"ஜீன்ஸ உள்ள திணிக்காதீங்க, மேல விடுங்க. அதான் அழகு."

கண்ணாடி வெளியே, நடைபாதைச் சுவரில் தொங்குகிறது. படியில் உட்கார்ந்து கயிற்றைக் கட்டி, எழுந்து பார்க்கிறேன். சினிமாக் கதாநாயகன் தோற்றான்! ஆனால் பழுப்பு நிறம் இன்னும் எடுப்பாக இருக்குமோ? உள்ளே போக வேண்டுமென்றால் அத்தனை கயிற்றையும் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கிறேன். பழுப்பைக் கட்டுகிறேன், பார்க்கிறேன், அவிழ்க்கிறேன். அளவு கொஞ்சம் பெரிது. அடுத்த ஜோடியைக் கட்டி அவிழ்ப்பதற்குள் முதுகு பிடித்துக்கொள்கிறது.

"தங்கச்சி, கயிறு இல்லாம ஏதாவது இருக்கா?"

பக்கவாட்டில் ஜிப் வைத்த பழுப்பு ஜோடி ஒன்று ஏற்கெனவே மேசைமேல் தயாராக இருக்கிறது. நூர்ஜஹான் சிரிக்கிறார்.

"கலாவுல வீட்டுக்கு வீடு, கோயிலுக்குக் கோயில் கழட்டணும் அண்ணே. கயிறு வச்சது வேணாம்னு வாயால சொன்னா யாரும் கேக்கறதில்ல. அதான் கண்ணாடியத் தூக்கி வெளிய மாட்டிட்டேன்."