எட்டு ஐந்து வண்டி

விருதுநகர் தெப்பக்குளத்துக்குத் தெற்கே, தண்ணீரைப் பார்த்த வாசல் உள்ள வீட்டில் பதினேழு ஆண்டுகள் குடியிருந்தேன். அந்தக் குளத்தைச் சுற்றியே வளர்ந்த பழைய வியாபார ஊர் அது. எங்கள் வாசலிலிருந்து ரயில் நிலையம் பன்னிரண்டு நிமிட நடை. சிவகாசியில் காலண்டர் அச்சிடும் கம்பெனி ஒன்றில் புரூஃப் பார்க்கும் வேலை எனக்கு. தினமும் காலை எட்டு ஐந்து பாசஞ்சரில் போவேன். அது எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்பதை அன்றன்றே டைரியில் எழுதிவிடுவேன். சிவகாசிப் பக்கம் போகிற எங்கள் தெருக்காரர்கள் ஸ்டேஷனில் விசாரிப்பதில்லை, என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு ஜூலை மாதம். பக்கத்து வீட்டில் பருப்புக் கமிஷன் கடை வைத்திருந்த பாயின் குடும்பம் இருந்தது. அவர் மனைவி மாலையில் வந்து கேட்டார்.

“அண்ணே, நாளைக்கு மகளுக்கு சிவகாசியில இன்டர்வியூ. டீச்சர் டிரெயினிங்குக்கு. ஒம்பதரைக்குள்ள அங்கன இருக்கணுமாம். பஸ்ஸுல போகவா, ரயிலுல போகவா?”

“ரயிலே போதும்மா. எட்டு அஞ்சுன்னுதான் போட்டிருக்கான். எட்டு இருவதுக்கு முன்னால ஒருநாளும் வந்ததில்ல. எட்டேகாலுக்குப் போய் நின்னாப் போதும்.”

பாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: “அண்ணன் கொடி காட்டினாத்தாம்லா அந்த ரயிலே கிளம்பும்!”

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த ஆண்டில் நான்கு நாட்கள் வண்டி சரியான நேரத்துக்கு வந்திருந்தது. அதுவும் என் டைரியில் இருந்தது. அதைவிட முக்கியம், நான் ஒருநாளும் எட்டேகாலுக்குப் போனதில்லை. ஏழு ஐம்பதுக்கெல்லாம் பிளாட்பாரத்தில் இருப்பேன். எனக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு அவர்களுக்கு வேறொரு நேரம் சொன்னேன்.

மறுநாள் வண்டி எட்டு மூன்றுக்கு வந்தது. எட்டு ஐந்துக்கு விசில் ஊதினார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நகர்ந்தபோது தாயும் மகளும் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தார்கள். சீக்கிரமே கிளம்பியிருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குப் புரியவில்லை. பிறகு அந்தப் பெண் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். தலைக்கு மேல் அபாயச் சங்கிலி இருந்தது. இழுத்தால் விசாரணை வரும், அபராதம் வரும், பெட்டியில் எல்லோரும் பார்ப்பார்கள் என்றெல்லாம் யோசித்தேன். என் ஜன்னலை அவள் நெருங்கியபோது செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டேன்.

அன்றைய டைரியில் நான் எழுதியது இவ்வளவுதான்: “வண்டி சரியான நேரம்.”

மாலை திரும்பியபோது மூவரும் வாசலில் இருந்தார்கள். பஸ் பிடித்து, அங்கே இறங்கி ஆட்டோ தேடிப் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி ஆகிவிட்டதாம். அவள் இடத்தை வரிசையில் அடுத்திருந்த பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

“இவக பவுடர் போட்டு முடிக்கிறதுக்குள்ள ரயிலு தென்காசிக்கே போயிருக்கும்,” என்றார் பாய். சிரிக்கவில்லை.

அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க ஒண்ணும் நினைச்சுக்கிடாதீக அண்ணே. எங்க வீட்டுக் கடியாரந்தான் பிந்திப்போச்சு.”

“கடியாரம் சரியாத்தாம்மா இருந்துச்சு,” என்றாள் மகள்.

“சும்மா இரு புள்ள.”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சொன்னது: “பரவாயில்லம்மா. அடுத்த தடவை கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்க.”

அவர்களை நான் மன்னித்துவிட்டு என் வீட்டுக்குள் போனேன்.

அந்த ஒரு வருடமும் அவள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும்போது நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன்.

அடுத்த ஜூலையில் அவளுக்கு மறுபடி அழைப்பு வந்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருநாள் ஏழு ஐம்பதுக்கு ஸ்டேஷனுக்குப் போனால், பெஞ்சில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னைக்கு எம்புட்டு லேட்டு, மாமா?” என்றாள் அவள்.

“தெரியாதும்மா.” அவள் தாயிடம் திரும்பிச் சொன்னேன்: “போன வருஷம் தப்பு என்னோடதுதான். நான் சொன்ன நேரந்தான் தப்பு.”

“அது எங்களுக்குத் தெரியாதாண்ணே?” என்றார் அவர், சாதாரணமாக. “பக்கத்து வீட்டுல இருக்கீக. தெனமும் மூஞ்சியில முழிக்கணும்லா. உங்களைக் குத்தஞ் சொல்லிட்டு எப்படி இருக்க?”

“அன்னைக்குப் பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சிருக்க மட்டும் வேண்டாம் மாமா,” என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை.

தாய் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டார். நான் உட்காரவில்லை. வண்டி வரும்வரை அவர்கள் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன்.