கோணல் காயும் கல்யாணி அக்காவின் வேண்டுதலும்

வியாழக்கிழமை தோறும் காலையில் எங்கள் வீட்டு கேட்டருகே ஓர் அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்திருக்கும். அதன் நெற்றியில் 'இம்பெர்ஃபெக்ட்' என்று சிவப்பு நிறத்தில் பெரிய ஆங்கில எழுத்து. திறந்தால், ஒரு காலை மடக்கி இன்னொரு கால்மேல் போட்டுக்கொண்ட கேரட் ஒன்று முதலில் தெரியும். அதற்கடியில் திருகிப்போன புடலை, முகமெல்லாம் தழும்பான கொய்யா, ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த தக்காளிகள். கூடவே ஒரு சின்ன அட்டை: 'நான் பார்க்கத்தான் இப்படி, ருசியில் குறைவில்லை.' கிள்ளானில் என் பெரியம்மா எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் தரகர் கொண்டுவந்த ஜாதகங்களுக்கும் ஏறக்குறைய இதே சிபாரிசுதான் இருந்தது. கடையில் யாரும் வாங்காத காயை வீணாக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கு நான் மாதச் சந்தா கட்டுகிறேன்.

கிள்ளானிலும் ஈப்போவிலும் இருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு தமிழ்நாட்டில் போய்க் குடியேறியவள், மார்க்கெட்டுக்குப் போய் நாலு கத்திரிக்காய் வாங்க முடியாமல் பெட்டிக்குச் சந்தா கட்டுகிறாளே என்று. முடியாததுதான் உண்மை. என் கணவர் சேகரனின் கம்பெனி சென்னையில் கிளை திறந்து, அவரை இங்கே அனுப்பியபோது, 'தாய்நாட்டுக்குப் போறீங்க' என்று எல்லோரும் மாலை போடாத குறையாக வழியனுப்பினீர்கள். தாய்நாட்டில் காய் வாங்குவதற்கு ஒரு தனிப் படிப்பு வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும், ஆனால் கடைக்காரர் பார்க்காதபோது. தேங்காயை ஆட்டி, தட்டி, காதருகே வைத்துக் கேட்க வேண்டும். முருங்கையை முறுக்க வேண்டும். கிள்ளானில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் சீனக் கடைக்காரர் என் அம்மாவிடம் தமிழிலேயே பேரம் பேசுவார். குரோம்பேட்டை மார்க்கெட்டில் தமிழ்க் கடைக்காரர்கள் என்னிடம் ஆங்கிலத்தில் விலை சொல்கிறார்கள். நான் தமிழில் பதில் சொன்னால், 'தமிழ் நல்லா பேசுறீங்களே மேடம்' என்று பாராட்டிவிட்டு விலையை ஏற்றுகிறார்கள்.

நான் வாங்கி வந்ததைப் பார்த்தால் கீழ்வீட்டுக் கல்யாணி அக்காவுக்கு மனசே கேட்காது. அவர் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். முழங்கால் தேய்ந்துபோனதால் அக்கா மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே வரும் ஒவ்வொரு பையையும் சோதனை போடுவார். "இந்தக் கத்திரிக்காயைக் காசு கொடுத்தா வாங்கினே?" என்பது அவர் என்னைக் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று. பெட்டிக்கு நான் சந்தா கட்டியதற்குப் பூமியைக் காப்பாற்றுவது ஒரு காரணம் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். நிஜக் காரணம் வேறு. அதில் வருவதெல்லாம் சொத்தை என்று கம்பெனியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. இனி அது என் குற்றமில்லை.

ஆனால் நாங்கள் குடியிருக்கும் அஸ்தினாபுரத்தில் அந்தப் பெட்டிக்கு வேறு அர்த்தம் இருந்தது. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் தேவகி ஒருநாள் வண்டியை எங்கள் கேட்டருகே நிறுத்திவிட்டு, திறந்திருந்த பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது? கூறு போட்ட காயாட்டம் கீதே!"

கூறு என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மார்க்கெட் முடியும் நேரத்தில், அடிபட்டதையும் வெம்பியதையும் குவியல் குவியலாகக் கட்டி, குவியல் இவ்வளவு என்று தள்ளிவிடுவது. கையில் காசில்லாதவர்கள் இருட்டிய பிறகு வந்து, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு வாங்கிப் போவார்கள். நானோ கூறைப் பெட்டியில் போட்டு, மேலே எழுதி, பட்டப்பகலில் வாசலில் வைத்திருக்கிறேன். தேவகி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கிண்டலில்லை. போகும்போது, நான் கேட்காமலேயே, பளபளவென்று நாலு பிஞ்சுக் கத்திரிக்காயை எடுத்துக் கேட் கம்பி வழியாகக் கொடுத்தாள். "வச்சுக்கோம்மா. துட்டு கெடக்குது வுடு" என்றாள். இந்த ஊர் எனக்கும் மசிந்துவிட்டது என்று அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

இதற்கிடையில் சேகரனின் அலுவலகம் இடம் மாறுவதாகச் சொல்லி, எல்லோரையும் சில மாதங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. கோலாலம்பூர் அலுவலகம் கண் விழிக்கும்போது இங்கே பால்கூட வந்திருக்காது. இருட்டோடு உட்கார்ந்தால் மூன்றரை மணிக்கெல்லாம் அவர் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு கைலியோடு கீழே இறங்கி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, போகிற வருகிற மாட்டையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். மற்ற ஆண்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்தில், வேலைக்குப் போகாத ஓர் ஆண்பிள்ளை, சவரம் செய்யாத முகத்தோடு, தெருவைப் பார்த்து நிற்கிறார். வாசலில் சொத்தைக் காய். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணி அக்கா போட்டுவிட்டார். ஒரு மாலை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அவர் இப்போல்லாம் வீட்டுலதான் இருக்காரா?"

"ஆமாக்கா. ஆபீஸ் போக வேணாம்னுட்டாங்க."

"கஷ்டமா இருக்காதா?"

"முதல்ல இருந்துச்சு. இப்போ பழகிடுச்சு."

"காயெல்லாம்கூட இப்படித்தான் வாங்கற போல?"

"எதுவும் வீணாகக்கூடாது பாருங்கக்கா, அதான்."

அக்கா என் கையைப் பிடித்து இரண்டு முறை தட்டிக்கொடுத்தார். இதில் நான் சொன்ன பொய் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மதியம் அரைத்துவிட்ட சாம்பார் வந்தது. அதற்கு அடுத்த நாள் சௌசௌ கூட்டு. பிறகு வத்தக்குழம்பு, எள்ளு மிளகாய்ப்பொடி, சனிக்கிழமையானால் புளியோதரை. 'நிறைய பண்ணிட்டேன்' என்பார். இரண்டு பேருக்குச் சமைக்கிற வீட்டில் தினமும் எப்படி நிறைய ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவர் கணவர் மாடிக்கு வந்து சேகரனின் தோளைத் தட்டி, "தைரியமா இருங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு, சொல்லு. நாளைக்குச் சனிக்கிழமை. புளியோதரை வந்ததுக்கப்புறம் சொல்லு" என்றார் சேகரன்.

அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கும் சொல்ல மனசு வரவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, கிள்ளானில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் முன்னால் ஆளுயரத்துக்குக் கம்பிக்கதவு. அம்மா அதைச் சாத்தினார். யாருக்கும் தெரியக்கூடாது. நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ஹரிராயா பெருநாளுக்கு ரெண்டாங் கறி கொடுத்தனுப்பினால், தீபாவளிக்கு அதே தட்டில் முறுக்கு வைத்துத் திருப்பித் தந்த உறவு எங்களுடையது. அவருக்குக்கூடத் தெரியாது. வெறும் சோற்றில் சோயா சாஸ் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்ட நாட்களிலும் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம். யாரும் ஒரு கிண்ணம் கொண்டுவரவில்லை, வரவும் நாங்கள் விடவில்லை. அன்று வரவேண்டிய கிண்ணமெல்லாம் வழிதவறி, முப்பது வருஷம் கழித்து, தேவையே இல்லாத நேரத்தில் அஸ்தினாபுரத்துக்கு வந்து சேர்வதுபோல எனக்குப் பட்டது. விஷயம் பிடிபட்ட பிறகு வந்த முதல் சாம்பாரைச் சூடு ஆறாமல் கையில் வாங்கி, அடுப்படியில் நின்று அழுதேன். வேலை போகவில்லை என்று சொன்னால் சாம்பார் மட்டுமா நிற்கும்? மறுபடியும் நான் 'அந்த மலேசியாக்காரங்க' ஆகிவிடுவேன். இங்கே வந்ததிலிருந்து யாரும் என்னை இவ்வளவு சொந்தமாகப் பார்த்ததில்லை. கஷ்டப்படுகிறவள் என்றால்தான் நான் இந்தத் தெருக்காரி.

அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்று, பெட்டியில் வந்த கோணல் கொய்யாவில் நல்லதாகப் பார்த்து இரண்டை வைத்து அனுப்புவேன். "இருக்கறதுலயும் கொடுக்கிறா பாரு" என்று கல்யாணி அக்கா கணவரிடம் சொன்னது மாடி வரைக்கும் கேட்டது.

பிறகு ஒருநாள் அக்கா சொன்னார்: "திருநீர்மலைப் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். உன் வீட்டுக்காரருக்கு வேலை கிடைச்சிட்டா, நானே மலை ஏறி வந்து சேவிக்கறேன்னு."

"அக்கா, உங்க முட்டி?"

"முட்டி கிடக்குது. சும்மா வேண்டிக்கிட்டா அவர் எதுக்குக் கேக்கணும்? நமக்கும் கொஞ்சம் வலிக்கணும் இல்ல?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். 'வேலை கிடைச்சா' என்பதுதானே வேண்டுதல். போகாத வேலை கிடைக்கவா போகிறது என்று ஒரு வக்கீல் புத்தி உள்ளே வாதாடியது. அடுத்த மாதமே சேகரனின் அலுவலகம் புது இடத்தில் திறந்துவிட்டது. திங்கட்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக அவர் படியிறங்கியதைக் கல்யாணி அக்கா நாற்காலியிலிருந்து பார்த்தார். எழுந்து நின்றார். கண் நிறைந்துவிட்டது. திருநீர்மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினார். அன்று பாயசம் வந்தது. தேவகிகூட வண்டியை நிறுத்தி, "சாருக்கு வேல கெட்ச்சிச்சாமே! இனிமேட்டு அந்தப் பொட்டிய வுட்டுத் தள்ளும்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

"சனிக்கிழமை மலைக்குப் போறோம். வேண்டுதலைத் தள்ளிப் போடக்கூடாது" என்றார் அக்கா.

ஆட்டோவில் போகும்போது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். பல்லாவரம் நெரிசலில் அக்கா ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் துளசி மாலை வாங்கினார், மாலைக்காரியிடம் என் கதையைச் சொன்னார். படி தொடங்கியது. ஒவ்வொரு படிக்கும் என் தோளை அழுத்திப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்துச் சேர்த்துக்கொண்டார். வியர்வை நெற்றியில் குங்குமத்தைக் கரைத்தது. பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முட்டியைத் தேய்த்தபடி, "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவருக்கு வேலை போகவே இல்லை."

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டிலிருந்தே வேலை பார்த்தது, கோலாலம்பூர் நேரம், புளியோதரைக்காகத் தள்ளிப்போட்டது. எங்களைத் தாண்டி இரண்டு குடும்பங்கள் ஏறிப் போயின. அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். இனி கிண்ணம் வராது, கேட்டருகே பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்போ அந்தப் பெட்டி?" என்று கடைசியில் கேட்டார்.

"அது... பணம் இல்லாம வாங்கலைக்கா. இப்போ நிறைய பேர் வாங்கறாங்க. பூமிக்கு நல்லதாம்."

"விலை கம்மியா?"

"தேவகிகிட்ட வாங்கறதைவிடக் கொஞ்சம் கூடத்தான்."

பொய்யைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். இது அவரை நிஜமாகவே அடித்துவிட்டது. "கூடக் கொடுத்தா சொத்தை வாங்கினே!" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். முட்டி வலியும் சிரிப்பும் சேர்ந்து அவர் முகம் என்னவோபோல் ஆனது. "சரி, எழுந்திரு. ஏறணும்."

"எதுக்குக்கா? வேலைதான் போகவே இல்லையே. வேண்டுதல் செல்லாதே."

"ஏன் செல்லாது? இந்தக் காலத்துல எத்தனை பேருக்கு வேலை போகுது, உன் வீட்டுக்காரருக்கு மட்டும் போகாமப் பார்த்துக்கிட்டது யாருன்னு நினைச்சே? நான் வேண்டினதாலதான் நிலைச்சுது." அவர் மறுபடி என் தோளைப் பிடித்தார், முன்பைவிட அழுத்தமாக. ஆமாம் என்று தலையாட்டினேன். நன்றியோடு தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன்.

மேலே அரங்கநாதர் படுத்திருந்தார். அவருக்கு எந்த அவசரமும் இல்லை. கல்யாணி அக்கா சன்னிதிக்கு நேராக நின்று, மூச்சு வாங்க, கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டே பேசினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற அதே குரல்.

"வந்துட்டேன் பெருமாளே. சொன்னபடி ஏறி வந்துட்டேன். இந்தப் பொண்ணைப் பார்த்துக்கோ. நல்ல பொண்ணு. ஆனா இங்க இவளுக்கு ஒண்ணும் சரிப்பட்டு வரலை. காய் வாங்கத் தெரியலை, ஒரு பொய்யைக்கூட முழுசா சொல்லத் தெரியலை. தனியாக் கிடந்து தவிக்குது. சீக்கிரமே இவளை நல்லபடியா அவ வீட்டுக்கே, மலேசியாவுக்கே அனுப்பி வைச்சுடு."

அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய நல்லதை எனக்காகக் கேட்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது. வேண்டாம் என்று அவசரமாகக் கைகூப்பினேன். கல்யாணி அக்காவின் வேண்டுதல் பலிக்கிற வேண்டுதல். அரைமணி நேரத்துக்கு முன்னால் படியில் உட்கார்ந்து அதை ஒப்புக்கொண்டவள் நான்தான். அவர் பல வருஷமாக இந்த வாசலுக்கு வருகிறவர், நான் முதல் தடவை வந்திருக்கிறேன், யார் சொல்வதைப் பெருமாள் கேட்பார்? இங்கேயே இருக்கவிடு என்று சொல்ல வாயெடுத்தால், அனுப்பிவிடு, கிள்ளானில் அம்மா உயிரோடு இருக்கும்போதே அனுப்பிவிடு என்று என் உள்ளேயே ஒன்று அக்காவோடு சேர்ந்துகொண்டது. தீர்த்தம் கொடுத்துவிட்டு அர்ச்சகர் சடாரியோடு என் எதிரே வந்து நின்றார். அக்கா என் முதுகில் கை வைத்து, "குனிம்மா" என்றார். எதைக் கேட்பது என்று முடிவாகாமலேயே குனிந்தேன்.