அர்பாபின் புருவத்தில் ஒரு பிறை

நேற்று கண்ணாடிக் கடைக்காரர் என் மூக்குக்கண்ணாடித் திருகை ஒரு பக்கமாகவே முறுக்கிக்கொண்டு போனார். "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி முறுக்குங்க" என்றேன். "ஐயா என்ன வேலை பாத்தீங்க?" என்றார். துப்பாக்கிக்கே கண் வைத்தவன் என்றேன். பாவம், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அவர் கேட்காத கதையை நீங்களாவது கேளுங்கள்.

அமீரகத்து அல் ஐன் ஊரில் ஒர்க்‌ஷாப். செல்போனில் பாம்பு நெளிந்த காலம். எட்டாம் கிளாஸை நான் முடிக்கவில்லை, அதுதான் என்னை முடித்தது. ஆனால் லேத்தில் என் கை பட்டால் இரும்பு வாலாட்டும். ஊரில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். தை தாண்டினால் வேறு இடம் பார்ப்போம் என்று மாமனார் போனில் அன்பாகச் சொல்லியிருந்தார். என் பாஸ்போர்ட்டோ முதலாளி அர்பாபின் அலமாரியில், என்னைவிடச் சொகுசாக ஏசியில் கிடந்தது. லீவு கேட்டால் "புக்ரா" என்பார். புக்ரா என்றால் நாளை. எந்த நாளை என்று கேட்கக் கூடாது.

வெளிநாட்டில் மான் வேட்டையாட அவர் புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தார். அதன்மேல் ஸ்கோப் என்கிற பார்வைக் குழாயைப் பூட்டும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்?

"நல்லா செஞ்சு குடு. சந்தோசத்துல லீவு எழுதிருவாரு" என்றார் காதர் பாய். கீழக்கரைக்காரர், ஸ்டோர் பார்த்தவர், எனக்கும் அர்பாபுக்கும் நடுவில் நாக்காக இருந்தவர்.

பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. எழுத்து எனக்குப் பகை, படம் உறவு. துப்பாக்கியை மட்டம் பார்த்து வைஸ் என்கிற இரும்புப் பிடியில் கட்டினேன். சுவரில் நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, குழாய்க்குள் தெரியும் கூட்டல் குறியை அதோடு நேராக்கினேன். திருகுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். கண்ணுக்கும் குழாய்க்கும் நாலு விரல் இடைவெளி. சுட்டால் பின்னால் உதைக்குமே!

அர்பாப் வந்து மெத்தையில் சாய்ந்தபடி கண்ணை வைத்துப் பார்த்தார். கழுத்தை நீட்ட மனசில்லை. இன்னும் கிட்டக் கொண்டு வா என்று கை காட்டினார்.

"பாய், கிட்ட வச்சா புருவத்தப் பேத்துரும்னு சொல்லுங்க."

"மாப்ள, அர்பாப் சொல்றது தப்புன்னு சொல்ல அரபியில வார்த்தையே இல்ல" என்ற காதர் பாய், அவர் பக்கம் திரும்பிப் பணிவாக, "தமாம், அர்பாப்" என்றார். எல்லாம் சரியாம். என்ன சிக்கனமான மொழிபெயர்ப்பு!

கிட்டக் கொண்டுவந்து பூட்டினேன். வெள்ளிக்கிழமை தன் தோட்டத்தில் சுட்டுப் பார்த்தார். சனிக்கிழமை, புருவத்துக்கு மேல் பிறை மாதிரி தையலோடு வந்து இறங்கினார். கல்யாணம் கலாஸ், முடிந்தது கதை என்று லேத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். வாசலில் விருந்தாளிகளிடம் அவர் ஏதோ கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். காதர் பாய் என் காதில் சொன்னார்: "வளக்குற ராஜாளி கீறிடுச்சாம்டா!"

அப்போது அர்பாப் என்னைப் பார்த்தார். நான் தையலைப் பார்த்தேன்.

உள்ளே கூப்பிட்டு பாஸ்போர்ட்டை நீட்டினார். "யல்லா, ஊருக்குப் போ. இன்னைக்கே." எத்தனை நாள் லீவு என்றேன். "மெதுவா வா" என்றார், தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில். அமீரகமே லீவுக்குக் கெஞ்சிய காலத்தில், லீவு கெஞ்சியது என்னிடம்தான். தைக்குள் தாலி கட்டினேன்.

திரும்பிப் போனபோது புண் ஆறியிருந்தது. அவர் சொல்லும் கதையில் ராஜாளி மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போனது.

ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இன்று கார் கழுவுகிறார்களாம். லீவைக்கூடப் போனில் தட்டிக் கேட்கிறார்களாம். அர்பாப் போய்விட்டார், காதர் பாயும். அந்த ராஜாளி யாரையும் கீறவில்லை என்று தெரிந்த கடைசி ஆள் நான். என்ன பிரயோசனம்? என் வாய்க்குப் பயந்து லீவு கொடுக்க இப்போது ஒருத்தரும் இல்லை.