மூன்று தட்டு

"அமைதியானவர். அனைவருடனும் இணக்கமாகப் பழகுபவர். இக்கட்டான நேரத்தில் தயங்காமல் பிறர் உதவியை நாடுபவர்."

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் பத்தொன்பது வருடமாகப் புகார் மேசையில் இருக்கும் பெண்ணைப் பற்றி அவளுடைய பணிக்கோப்பு சொல்வது இது. எழுதிய மேலாளர் அதற்கு முந்தின வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

தொலைபேசியில் அவள் தங்கம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், "பதறாதீங்க சார், சிவப்பு பட்டனை அமுக்குங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க" என்று தேனொழுகப் பேசுவாள். ரிசீவரை வைத்த கையோடு, ஜன்னலைத் திறந்துவைத்தது யார் என்று பக்கத்து மேசையோடு சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

நாற்பத்தாறு வயதில் அவள் துறைமுகத்துப் படகுக் குழாமில் சேர்ந்ததும் கோபத்தில்தான். "அண்ணிக்கு வாளித் தண்ணியப் பார்த்தாலே பயம்" என்று நாத்தனார் யாரிடமோ சொன்னது காதுக்கு வந்துவிட்டது. கணவனின் அந்தத் தங்கை நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். குழாமில் பழைய ஆள். இருவரும் பேசி நான்கு வருடம். கணவனுக்கு அவசர ஆபரேஷன் நடந்த காலையில் இவள் மூன்று தடவை போன் செய்தாள், அவள் எடுக்கவில்லை. "நான் தண்ணிக்குள்ள இருந்தேன், போன் லாக்கர்ல இருந்துச்சு" என்பது அவள் கட்சி. "நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா நின்னேன்" என்பது இவள் கட்சி. இரண்டுமே உண்மை. அதனால்தான் சண்டை முடியவில்லை.

சீசன் முடிவில் கயாக்கில் கலங்கரை விளக்கத் தீவுக்குப் பயணம். ஒல்லியான அந்தப் படகுக்குள் இடுப்புவரை நுழைந்து, தண்ணீர் புகாதபடி இடுப்பில் மாட்டிய ரப்பர் பாவாடையால் படகின் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தால் கடலுக்குள் தலைகீழ்த் தொங்கல்தான். கவிழ்ந்த படகைத் தானே நிமிர்த்தத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தீவு. எப்பாடு பட்டாவது போயே தீர்வது என்று இவள் இருந்தாள்.

'விசில்' என்று எல்லோரும் அழைக்கும் பயிற்சியாளர், பனிக்கடல் வேட்டைக்காரர்களின் பழைய முறையைக் கற்றுக்கொடுப்பார். அடிக்கோல் போல ஒடுங்கிய மரத்துடுப்பு. அதை நீர்மட்டத்தில் அரைவட்டமாக வீச வேண்டும். இடுப்பைத் திருப்பி, மல்லாந்து படகின் மேல் சாய வேண்டும். தலை கடைசியில்தான் வெளியே வரலாம். காற்றுக்கு ஆசைப்பட்டுத் தலை முந்தினால் மொத்த உடம்பும் திரும்ப உள்ளே போகும். முடியாவிட்டால் படகின் அடிப்புறத்தில் மூன்று தட்டு. இடுப்பளவு நீரில் நிற்கும் துணையாள் நிமிர்த்திவிடுவார்.

துணையாளாக வந்து நின்றது நாத்தனார்.

"வேற ஆளே இல்லையா?"

"இருந்தாங்க லிஃப்ட் அக்கா. ஒருத்தர் விடாம நீங்கதான் சண்டை போட்டு முடிச்சுட்டீங்க" என்றார் விசில்.

நாத்தனார் படகைப் பார்த்துப் பேசினாள். "ஏ படகே, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு மூச்சு முட்டினா தட்டச் சொல்லு. எனக்கு ஜோசியம் தெரியாது."

இவள் துடுப்பிடம் சொன்னாள். "யாரையும் கூப்பிடற உத்தேசம் இல்ல. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாச்சு."

ஐந்து வாரம் கவிழ்ந்தாள். ஒரு முறைகூடத் தட்டவில்லை. பாவாடையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து, உப்புத் தண்ணீரைத் துப்பி, படகிலிருந்து நீரை இறைத்து, மறுபடி ஏறுவாள். தட்டாத வீம்பில் ஒரு லாபம்: தண்ணீருக்கடியில் அவசரப்படாமல் இருக்கப் பழகிவிட்டாள். அங்கே நாத்தனாரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சாவகாசமாக வாக்கியம் வாக்கியமாகத் தயாரித்தாள். ஆறாவது வாரம் அப்படி ஒரு நல்ல வாக்கியத்தின் நடுவில் கை தானாக வீசியது, இடுப்பு திரும்பியது, தலை கடைசியாக வந்தது. மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்தாள்.

"படகே, தலை இன்னும் கொஞ்சம் லேட்டா வரலாம்" என்றாள் நாத்தனார்.

தேர்வன்று அடுத்தடுத்து மூன்று முறை நிமிர்ந்து காட்டினாள். விசில் அட்டையில் குறித்துக்கொண்டார். "இப்போ ரெண்டாவது பாகம். துடுப்ப விட்டுட்டுக் கவிழுங்க, தட்டுங்க, அவங்க தூக்குவாங்க."

"எனக்குத்தான் தானா வரத் தெரியுமே!"

"ஒரு நாள் வராது அக்கா. தட்டாத ஆளை நான் தீவுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். லிஃப்ட்ல மாட்டினவன் பட்டனை அமுக்க மாட்டேன்னா நீங்க என்ன சொல்வீங்க?"

ரிசீவரை வைத்த பிறகு அப்படிப்பட்டவர்களை என்ன சொல்வாள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "அப்போ ஆளை மாத்துங்க."

"கடல்ல உங்க பக்கத்துப் படகு இவங்கதான்."

நாத்தனார் நேராக அவளைப் பார்த்தாள். "அண்ணி, இன்னைக்கு நானும் தண்ணிக்குள்ளதான் இருக்கேன், நீங்களும் தண்ணிக்குள்ளதான் இருக்கீங்க. தட்டறதும் தட்டாததும் உங்க இஷ்டம்."

"நகம் வெட்டியிருக்கியா? படகக் கீறி வைக்காத." நான்கு வருடத்தில் அவளிடம் நேரே சொன்ன முதல் வார்த்தை அது.

கவிழ்ந்தாள். துடுப்பு மிதந்து போயிற்று. கைகளை மேலே நீட்டிப் படகின் அடிப்புறத்தைத் தொட்டாள். வெகுநேரம் தொட்டபடியே இருந்தாள். பிறகு ஒரு தட்டு.

இரண்டாவதற்குக் கை ஓங்குவதற்குள் உலகம் புரண்டது. வெளிச்சம், இருமல், தன் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கும் நாத்தனாரின் கை.

"செல்லாது. மூணு தட்டணும்" என்றார் விசில்.

"ஒண்ணுக்கே தூக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? அவசரக்குடுக்கை!" என்றாள் இவள்.

"அன்னைக்கு வரலைன்னீங்க. இன்னைக்கு சீக்கிரம் வந்துட்டேனா?"

நாத்தனார் சட்டையை விட்டுவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். இவள் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி கவிழ்ந்தாள். மூன்று தடவை தட்டினாள்.