கிருபாகரன் வாங்கிய ஆக்டிவ் பேஸ்

கேளம்பாக்கத்து அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் கிருபாகரன், ஞாயிறுதோறும் தகரக்கூரை போட்ட கிறிஸ்தவ சபையில் பேஸ் கிடார் வாசிப்பவர். எட்டு வருடத்தில் அதன் ஒலி ஒருமுறைகூட மனைவி அன்பரசியின் காதில் விழுந்ததில்லை.

"மேடையில நின்னுகினு இன்னாதான்யா பண்ற?" என்று அவர் கேட்டதும் ஆராய்ச்சி தொடங்கியது. கையில் இருந்தது பேசிவ் வகை கிடார். அதற்குப் பேட்டரி வேண்டாம், சத்தமும் அடக்கம். ஆக்டிவ் என்றால் பேட்டரி உண்டு, முழக்கமும் உண்டு. பாட்டின் நடுவில் பேட்டரி தீர்ந்தால் மொத்தமும் ஊமை. மூன்று மாதம் வீடியோக்கள் பார்த்து, நாட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவர்போல இளைத்து, கடைசியில் ஆக்டிவே வாங்கினார்.

அந்த ஞாயிறு, தந்தியை முதல்முறை தட்டியதுமே கூரைத் தகரம் கடகடவென்று ஆடியது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரைக் கட்டி ஆளும் போதகரின் மச்சான் ராஜேந்திரன், உடனே பேஸின் சத்தத்தைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கினார்.

"அண்ணாத்த, கொஞ்சம் ஏத்தி வையி."

"கூரை வேணுமா, வாணாமா பிரதர்?"

கிருபாகரன் கூரையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கண்ணை மூடி, தலையை ஆட்டி, ஆராதனை முடியும்வரை சத்தமில்லாமல் வாசித்தார்.

வெளியே வந்த அன்பரசி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"மொத பாட்டுல கூரைமேல கொரங்கு குதிச்சுதே, அந்தச் சத்தத்துல உன் புது கிடாரு கேக்கவே இல்லய்யா."